தீப்பொறிப் பெட்டிக்கு ஒரு பீங்கான் மூடி

எங்களிடம் இருப்பது பழைய பெட்ரோல் கார். வாரத்தில் இரண்டு நாள் என் வீட்டுக்காரரை அதில்தான் பாண்டிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். ஓட்டுவதும் நான்தான். போன சித்திரையில் அது வழியிலேயே நிற்க ஆரம்பித்தது. தீப்பொறி குடுக்குற இக்னிஷன் பாயிண்ட் கருகுது, மாத்துனாலும் வெயில்ல நிக்கும் என்றார் மெக்கானிக். மறுபடியும் வடலூர் தாண்டி நின்றபோது, இவர் பின்சீட்டில் படுத்தபடியே சொன்னார்.

"இன்னொரு தடவ வண்டி நின்னுச்சுன்னா நான் வரமாட்டேன். இந்த அலைச்சலுக்கு வூட்டுலயே கெடந்து போய்ச் சேந்துடலாம்."

சொன்னால் செய்கிற மனிதர். வேறு வண்டி எடுக்கலாம் என்றால், இதுபோல் கால் நீட்டிப் படுக்க வருமா என்பார். வாடகைக் கார் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆக, கிழட்டு இன்ஜினுக்குப் புது இக்னிஷன் போடுவது என்று முடிவானது.

அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பாதி நாள் இவருக்கு எழுந்து உட்காரத் தெம்பு இருக்காது, ஆனால் செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல், தீப்பொறி இரண்டையுமே கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்கிற முழு செட்டுதான் வேண்டுமாம்.

"எல்லாத்தயும் பெட்டியே பாத்துக்கும். நீ ஸ்டியரிங்கப் புடிச்சா போதும்."

"அப்படியே எனக்கும் ஒரு பெட்டி பாருங்க. சோறாக்க, துணி தொவைக்க, ஒங்களத் தூக்கி ஒக்கார வைக்க."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "முழு செட்டுன்னா டேங்கு வரைக்கும் கை வைக்கணும்ங்க்கா. ஒரு சென்சாரு மக்கர் பண்ணா இங்க பாக்க ஆளு கெடையாது. தீப்பொறிக்கு மட்டும் பெட்டி வைங்க. பெட்ரோல் விடுற கார்புரேட்டரு பழையபடி கெடக்கட்டும்."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. நடுரோட்டில் நிற்கப்போவது நான்தானே. வாதாடி வாதாடி என் தொண்டை கட்டியபிறகு இவர் இறங்கிவந்தார். கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வந்தது. மேலெல்லாம் வரிவரியாக அலுமினிய விளிம்பு வைத்த சின்னப் பெட்டி. மாட்டியதும் வண்டி சாவியைத் திருப்பிய உடனே கிளம்பியது. அப்பாடா என்றிருந்தது.

அதோடு விட்டாரா? இவர் காலமெல்லாம் எங்கள் ஊர்ப் பீங்கான் சூளைகளில் ஃபியூஸ் கட்டை செய்தவர். கரண்டு இருக்கிற இடத்தில் பீங்கான் இல்லையென்றால் இந்த ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. "தொறந்து கெடக்குதே, தண்ணி பட்டா?" என்று ஆரம்பித்தார். தெம்பான நாளாகப் பார்த்துப் பெட்டியை அளந்து, மண் காய்ந்தும் வெந்தும் சுருங்குமே, அதற்கும் இடம் விட்டு அச்சு எடுத்து, பழைய கூட்டாளியின் சூளையில் ஒரு வெள்ளை மூடியைச் சுட்டுக் கொண்டுவந்துவிட்டார். நூல் பிசகாமல் உட்கார்ந்தது. நோய் வந்தபிறகு அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மூடி எதற்கு என்று கேட்க மனம் வரவில்லை.

அடுத்த தடவை பாண்டியிலிருந்து திரும்பும்போது, நெய்வேலி தாண்டி வண்டி நின்றது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். மூடி என்றதுமே கத்தினார். "ஐயையோ, அந்த வரியெல்லாம் சூடு வெளிய போறதுக்குங்க்கா! போத்திவிட்டா வேகத்தான செய்யும்? கழட்டிப் போடுங்க. ஆறுனா ஓடும்."

புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து மூடியைக் கழற்றினேன். கொதித்தது. இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இதோ சொல்லப்போகிறார், இனி வரமாட்டேன் என்று. சொல்லட்டுமே என்றிருந்தது எனக்கு. சத்தியமாக அப்படித்தான் இருந்தது. அந்த இரண்டு நாளாவது கொஞ்சம் படுக்கலாம், அவ்வளவுதான் மனதில் ஓடியது. சீ, என்ன பொம்பளை நான் என்று உடனே உடம்பு கூசியது. அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறியதும் வண்டி கிளம்பியது. வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் என் தோளைப் பிடித்து இறங்கியவர் கையை எடுக்காமல் நின்றார்.

"வண்டியா நிக்கல, நான்தான் நிறுத்திட்டேன். வரமாட்டேன்னு சொன்னதுல இது சேத்தி கெடையாது" என்றார். அப்புறம் மெதுவாக, பயந்தவர்போல, "வெள்ளிக்கெழம கூட்டிட்டுப் போவ இல்ல?" என்றார்.

"நான் வராம வேற யாரு வருவா?" என்று எரிந்து விழுந்தேன். குரல் உடைந்துவிட்டது.