கையில் ஒன்றும் இல்லாத சாமி

காஞ்சிபுரத்துச் சாமிகளைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. ஒருவர் கையில் வேல், ஒருவர் கையில் சக்கரம், அம்மன் கையில் கரும்பு வில். யார் நெருங்க முடியும்? மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்தபோது, கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் டீச்சர் கதை சொன்னார். அன்றுதான் முதல்முறையாக ஒரு சாமிக்காகப் பயந்தேன். மாட்டுக்கொட்டிலில் பிறந்த கைக்குழந்தை. கையில் ஒன்றுமே இல்லை.

"சாமி ஏன் டீச்சர் இம்மாத்தூண்டா பொறந்தாரு?"

"நாம தூக்கிக்கணும்னுதாம்மா."

மற்றப் பிள்ளைகளுக்குக் கதையில் வந்த நட்சத்திரம் பிடித்துப்போயிற்று. என் மண்டைக்குள், அந்தக் குழந்தையைத் தீர்த்துக்கட்ட ராஜா அனுப்பிய ஆட்கள்தான் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கைக்குழந்தை இருக்கும் வீடாகத் தேடிப்போய்க் கொன்றார்களாம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. தம்பிக்கு இன்னும் தலைகூட நிற்கவில்லை.

லீவு விட்ட மறுநாள் காலை, அப்பா பட்டு வாங்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். அம்மா குழாயடியில். தம்பியைத் தூளியில் ஆட்டிக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் ஒரு குழந்தை வீறிட்டது. சற்றுப் பொறுத்து, இன்னும் கிட்டத்தில் வேறொன்று. எட்டிப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் ஒவ்வொரு வாசலிலும் நின்று என்னவோ கேட்டார்கள். உள்ளே போனார்கள். அழுகை கிளம்பியது. வெளியே வந்து, சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். ஓடிப்போய்த் தம்பியைத் தூளியிலிருந்து எடுத்தேன்.

வீடு முழுக்கத் தறிதான். ஒளிக்க இருந்த ஒரே இடம், அப்பா காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழி. தம்பியைப் பழம்புடவையில் சுற்றி அதில் படுக்கவைத்தேன். மேலே ஒரு சாக்கையும் போட்டு மூடினேன். அதற்குள் அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கைக்கொழந்த இருக்குதாம்மா?"

"இல்லீங்க."

எனக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்கு நன்றாகவே வந்தது.

"தூளி மட்டும் ஆடிக்கினு இருக்குதே?"

குழிக்குள் தம்பி தும்மினான். காக்கிச் சட்டைக்காரர் சாக்கை விலக்கி அவனைத் தூக்கினார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "என்னக் கொன்னுடுங்க, அவன வுட்டுடுங்க" என்று கத்தினேன். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"பெரியம்ம வராம இருக்க ஊசி குத்த வந்தவங்கடீ! குழியில தேளு கெடக்கும், அதுலயா புள்ளையப் போடுவ?"

தம்பியின் கையில் குத்தினார்கள். எங்கள் சுவரிலும் கோடு விழுந்தது.

கிறிஸ்துமஸ் அன்று தம்பிக்கு அனலாய் ஜுரம். குத்திய இடம் வீங்கிப் பழுத்திருந்தது. அம்மா தூளியில் வேப்பிலை செருகி, "தானா எறங்கிடும்" என்றாள். நான் நம்பவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கித்தான் விட்டது. பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சரிடம் கேட்டேன். "அந்தக் கொழந்த தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது. பெரியவரானப்புறம் புடிச்சுக் கொன்னுட்டாங்க."

"ஒளிஞ்சுக்கலயா?"

"இல்லம்மா. நமக்காகத்தான் வந்தாரு. ஒளியல."

எனக்கு ஆறவே இல்லை. நாம் தூக்கிக்கொள்ளத்தானே வந்தார், அன்றைக்கு ஒருவர்கூடவா தூக்கிக்கொண்டு ஓடவில்லை? அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். தம்பி இரண்டு கைகளையும் விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்றில் என் விரலை வைத்தேன். தூக்கத்திலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அம்மா விளக்கு வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டபோதும் நான் விரலை எடுக்கவில்லை.