மாடக்குழி இருந்த அரண்மனை

என் அம்மாவுக்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தது. பாசாருக்குப் போகிற வழியில் யாராவது புதிதாகச் செங்கல் வைத்துக் கட்டியிருந்தால் போதும், கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பூச்சை விரலால் தடவுவாள், கதவோரத்தை எட்டிப் பார்ப்பாள், பிறகுதான் நடப்பாள். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். "சுவரு உன்கிட்ட என்னம்மா பேசுது?" என்று கேட்பேன். "பேசாது. பேசினா நல்லா இருக்கும்" என்பாள்.

அப்பா கொத்தனார். நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் முடி இறக்குவதாக அப்பா வேண்டிக்கொண்டு தாடி வளர்த்தார். நான் பிழைத்துவிட்டேன். தாடி மார்பைத் தொடுகிற சமயத்தில் கிள்ளான் பக்கம் வேலை இருப்பதாக ஒரு குத்தகைக்காரன் ஆள் சேர்த்தான். "தைப்பூசத்துக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிக் கரண்டியையும் தூக்குக்குண்டையும் பையில் போட்டுக்கொண்டு அப்பா ரயிலேறினார். அவர் திரும்பி வரவே இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கிள்ளானில் ஒரு ஆபீசில் பியூனாக இருந்தார். அவர் அலைந்து அந்தக் குத்தகைக்காரனைப் பிடித்துக் கேட்டார். "உங்க ஆளு பாதி வேலையில சொல்லாம போயிட்டான்" என்று அவன் கையை விரித்துவிட்டான். லயத்துக்கு அது போதாதா? அப்பாவை ஒருத்தியோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஒரு வருஷம் அவள் தோட்டத்துக்காரி, மறு வருஷம் கடைக்காரி, அதற்கடுத்த வருஷம் இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. அப்பாவின் அந்தக் குடும்பத்தை லயத்துப் பெண்களே சோறூட்டி வளர்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். குழாயடியில் அம்மா போனதும் பேச்சு நிற்கும். அவளுக்கு வாழாவெட்டி என்று பெயர் வைத்திருந்தது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தினமும் குளித்து, குங்குமம் வைத்து, கிடைத்த பூவைத் தலையில் சூடிக்கொள்வாள். "புருஷன் எங்கே?" என்று யாராவது வேண்டுமென்றே கேட்டால், "கிள்ளான் பக்கம் இருக்காரு" என்று ஒரே பதில். சாயங்காலம் வாசற்கதவுக்கு இடப்பக்கம் இருந்த மாடக்குழியில் விளக்கேற்றுவாள். அது அப்பா வெட்டியது. விளக்கு வைக்க இடமில்லாத வீடு ஒரு வீடா என்று சொல்லி, ரயில்வே சுவர் என்றும் பாராமல் கொத்தி, மேல்முனையை அரச இலை நுனி போலக் கூர்ப்பாக இழைத்திருந்தார். மேற்பார்வை பார்க்க வந்த துரை சத்தம் போட்டுவிட்டுப் போனாராம். அம்மாவின் தோளுயரத்துக்குச் சரியாக இருக்கும் அது.

எனக்குப் பத்தொன்பது வயதில் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் தாயார், "பொண்ணோட அப்பா இருக்காரா, இல்லையா? அத மட்டும் தெளிவா சொல்லிடுங்க" என்று கேட்டார். அவர்கள் வீட்டில் முந்திய வருஷம்தான் ஒரு சாவு விழுந்திருந்தது. சம்பந்தி வீட்டிலும் அப்படி ஏதாவது என்றால் சகுனம் சரியில்லை என்று விட்டுவிடுவார்கள் போலிருந்தது. "இருக்காரு. கிள்ளான் பக்கம்" என்றாள் அம்மா. அந்த அம்மாள் அவள் நெற்றியைப் பார்த்தார், பிறகு தாம்பூலத்தை எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமா ஒரு செய்தி கொண்டுவந்தார். கிள்ளானுக்குத் தெற்கே ஆற்றங்கரைக் குன்றில் பழைய ராஜா காலத்துக் கோட்டையும் அரண்மனையும் பூட்டிக் கிடக்கின்றன. ராஜ குடும்பம் எப்போதோ வேறு இடத்துக்குப் போய்விட்டது. வெளியாள் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஆனால் காவல்காரப் பெரியவர் மாமாவுக்குப் பழக்கம், நாங்கள் வந்தால் முழுவதும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். "கல்யாணத்துக்கப்புறம் இவ எங்க வரப்போறா, ஒரு நாள் பார்த்துட்டு வரட்டும்" என்றார் மாமா. அம்மா ஒன்றுதான் கேட்டாள். "அங்க கொத்து வேல ஏதும் நடந்துச்சா தம்பி?" மாமாவுக்குத் தெரியவில்லை. அம்மா வருவதாகச் சொன்னாள்.

ரயிலில் கிள்ளான், அங்கிருந்து பஸ், பிறகு ஒரு சம்பான் படகு. கரையிலேயே பெரியவர் காத்திருந்தார். மெலிந்த மலாய்க்காரர், தலையில் சொங்கோக் தொப்பி, இடுப்பில் ஒரு குழந்தையின் எடை இருக்கும் சாவிக்கொத்து. மலாயில் பெரியவர்களை அழைக்கிற முறையில் பாக் சிக் என்று கூப்பிட்டோம். அவர் மலாயில் பேசினார், அம்மா தன் பாசார் மலாயில் பதில் சொன்னாள். நான் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது பாக் சிக்குக்கு நினைவில்லை. ஒவ்வொரு கதவிலும் எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்தார். அது திறப்பதற்குள் அந்த அறையின் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார், அதனால் உள்ளே போனபின் பார்ப்பதற்கு மட்டும்தான் மிச்சம் இருக்கும். மண்மேட்டு அரணில் வாய் அடைத்துப் போன இரண்டு பீரங்கிகள் கிடந்தன. ஒன்று ஆண், ஒன்று பெண் என்றார். பெண் எது என்று நான் கேட்டேன். "அதிகம் சுட்டது எதுவோ அது" என்று சொல்லிச் சிரித்தார். தர்பார் மண்டபத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார். ராஜா இல்லாவிட்டாலும் அவர் உட்கார்ந்த இடம் இருக்கிறதே என்றார். மேடையில் வௌவால் எச்சம் காய்ந்து கிடந்தது. வெடிமருந்து அறை, குதிரை லாயம், விருந்தாளிகள் தங்கிய பகுதி எல்லாம் பார்த்தோம். எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. அம்மா மட்டும் பீரங்கியையும் பார்க்கவில்லை, மேடையையும் பார்க்கவில்லை. சுவர்களைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தாள்.

கடைசியாக அரண்மனைப் பெண்கள் குளிக்கும் மண்டபம். ராஜ குடும்பம் மறுபடி வந்து கொஞ்ச நாள் தங்கும் என்று ஒரு காலத்தில் பேச்சிருந்ததாம். அப்போது இதை மட்டும் புதிதாகக் கட்டினார்களாம். அவர்கள் வரவில்லை, இதில் ஒருவரும் குளித்ததில்லை. கதவைத் திறந்ததும் பாக் சிக் இடப்பக்கச் சுவரைக் காட்டினார்.

"இதைப் பாருங்கள். எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்த துகாங், கதவோரம் ஏன் ஒரு பொந்து வைத்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வீணாகக் கிடக்கிறதே என்று நான் வெற்றிலைப் பெட்டியை வைத்துக்கொள்கிறேன்."

துகாங் என்றால் கொத்தனார். அந்தப் பொந்தின் மேல்முனை அரச இலை நுனி போலக் கூர்ப்பாக இருந்தது.

அம்மா அருகில் போனாள். வெற்றிலைப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். வீட்டில் அகல் வைக்கிற கை அப்படியே உள்ளே போனது. அவள் எக்கவும் இல்லை, குனியவும் இல்லை. பெண்கள் புழங்கும் இடமென்றால் விளக்கு வேண்டும் என்று அப்பாவின் கை தானாகவே செய்திருக்கிறது. மலாய் அரண்மனையில் அது எதற்கு என்று அந்த மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்திருக்க மாட்டார். மாமா வெளியே திரும்பிக்கொண்டார்.

"இதைக் கட்டின ஆள் எங்கே போனார்?" என்று அம்மா கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எங்கும் போகவில்லை. இங்கேதான் இருக்கிறார், வாருங்கள்" என்றார் பாக் சிக்.

அவர் எங்களைக் கோட்டைக்குப் பின்புறம் அழைத்துப்போனார். கம்பத்து மக்களின் கல்லறைத் தோட்டம் அது. மலாய்க்காரர்கள் கிராமத்தைக் கம்பம் என்பார்கள். நடந்துகொண்டே சொன்னார். மண்டபம் முடிகிற சமயத்தில் கம்பத்தில் காலரா கண்டது. தமிழ்க் கொத்தனார்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் படுத்ததும் மற்ற இருவரும் குத்தகைக்காரனும் படகேறிவிட்டார்கள். மூன்றாம் நாள் படுத்தவர் இறந்துபோனார். நீளமான தாடி, கைலி, தமிழ்ப் பேச்சு. கூட வந்த இருவரும் முஸ்லிம்கள், தொழுகைக்கு வருவார்கள், இவர் பள்ளிவாசல் படியிலேயே உட்கார்ந்திருப்பார். கூச்சப்படுகிறவர் என்று நினைத்தோம். நோய்க்குப் பயந்து குளிப்பாட்டவில்லை, போர்த்தியிருந்த துணிமேலேயே தண்ணீர் ஊற்றி அடக்கம் செய்தோம். "ஒரு முஸ்லிமைக் குளிப்பாட்டாமல் அனுப்பிவிட்டோமே என்று என் அப்பாவுக்குக் கடைசிவரை வருத்தம். அதனால் வருஷா வருஷம் அவருக்காகத் தனியாக ஓதுகிறோம்" என்றார்.

வெள்ளைப் பூ உதிர்க்கும் மரத்தடியில் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். சுற்றிலும் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அந்தத் தாடி எனக்காக வளர்ந்தது. அவர் முஸ்லிம் இல்லை, முருகனுக்கு நேர்ந்துகொண்டவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிந்தது.

"உனக்கு அவரைத் தெரியுமா?" என்று பாக் சிக் அம்மாவைக் கேட்டார்.

"தெரியும். எங்கள் லயத்துக்காரர்."

"குடும்பம் இருக்கிறதா?"

"ஒரு பெண்டாட்டி. ஒரு மகள்."

"அவர்களிடம் சொல். சரியாகக் குளிப்பாட்ட முடியவில்லை, மன்னிக்கச் சொல்."

"சொல்கிறேன்" என்றாள் அம்மா. தலையிலிருந்த பூவை எடுத்துக் கல்லருகில் வைத்தாள். விழுந்து கும்பிடவில்லை, அழவும் இல்லை. கொஞ்ச நேரம் குனிந்து அந்த மண்ணைச் சுவரைத் தடவுவது போலத் தடவினாள்.

சம்பானில் மாமாதான் முதலில் அழுதார். பிறகு கோபம் வந்துவிட்டது. "அக்கா, நாளைக்கே லயத்துல சொல்லுவோம். ஓடிப்போயிட்டான்னு பேசின வாயெல்லாம் அடங்கட்டும். ஐயர கூப்பிட்டு கருமாதி பண்ணிடலாம்."

"அடங்கும்" என்றாள் அம்மா. "கல்யாணமும் நின்னுடும்."

"நின்னா நிக்கட்டும்மா" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"நீ சும்மா இரு. அந்தத் தாடியே உனக்காக வளத்ததுதான். நீ நல்லா இருக்கணும்னு நேந்துக்கிட்ட மனுஷன், உன் கல்யாணம் அவரால நின்னுச்சுன்னா தாங்குவாரா?" பிறகு மாமாவைப் பார்த்தாள். "இத்தன வருஷமா நம்ம லயமே அவர ஏசிக்கிட்டு கெடந்துச்சு. யாருன்னே தெரியாதவங்க அவருக்காக சாமி கும்பிட்டிருக்காங்க. அது போதும் இப்போதைக்கு."

அந்த ஒரு மாதம் இப்போதும் எனக்கு மறக்கவில்லை. காலையில் அம்மா கண்ணாடி முன்னால் நிற்பாள். குங்குமச் சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு விரலைத் தோய்க்காமல் நிற்பாள். நான் பாத்திரம் தேய்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு ஒரே தொடுதலில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போவாள். அங்கே அதே பேச்சு, அதே சிரிப்பு. மகள் கல்யாணத்துக்காவது அந்த ஆள் வருவானா, புதுப் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வருவானா என்று பந்தயம் வேறு. ஒரு வார்த்தையில் அத்தனை பேரையும் தலைகுனிய வைத்திருக்கலாம். அந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை வருஷமும் அவள் சுவர் சுவராகத் தடவிக்கொண்டிருந்தாள். இப்போது அது கையில் இருந்தது, அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

கல்யாணம் லயத்துக் கோயிலில் நடந்தது. மாமாவும் அவர் மனைவியும் தாரை வார்த்தார்கள். அம்மா சிவப்புப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பந்தலில் சந்தனம் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் ஒருவர், வெகுளியாகத்தான் என்று நினைக்கிறேன், "பொண்ணோட அப்பா வரலியா?" என்று கேட்டார். பந்தலில் பேச்சு குறைந்தது. லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"கிள்ளான் பக்கம் இருக்காரு" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்தோம். அம்மாதான் வாசலில் ஆரத்தி எடுத்து, எங்கள் இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. சாப்பாடு பரிமாறி, வண்டி ஏற்றிவிட்டு, வண்டி திரும்பும்வரை தெருவில் நின்றாள். அவளை அந்தக் கோலத்தில் பார்ப்பது அதுதான் கடைசி என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே புது மாப்பிள்ளை பக்கத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள், கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த மாமா ஓடிவந்து சொல்லி, நானும் என் கணவரும் ஓடினோம். அம்மா எவரையும் கூப்பிடாமல், விடிவதற்குள் தானே வளையலை உடைத்து, தாலியைக் கழற்றிப் பாலில் போட்டு வைத்திருந்தாள். கூட இருந்து கட்டிக்கொண்டு அழ ஒரு பெண்பிள்ளை இல்லை. நான் போனபோது வெறும் நெற்றியோடு மாடக்குழிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் கூடி நின்றார்கள், எப்படி உள்ளே வருவது என்று தெரியாமல்.

அம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அவரு ஓடிப்போகல" என்றாள். "செத்துதான் போயிட்டாரு."

அதைச் சொன்னபோது அவள் முகம் தெளிந்திருந்தது. ஏழு வயதுக்குப் பிறகு அந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.