சாக்ஸ் போட்ட பாட்டில்

பல்செட் கட்டுகிறவருக்குப் பகலில் மூக்கு கிடையாது. முகமூடிக்குள் அதைக் கட்டிப் போட்டுவிடுவார். பிளாஸ்டர் தூசியையும், ஈறு வார்க்கும் திரவத்தின் காட்டத்தையும் சுவாசித்துப் பழகினால் சீக்கிரமே எல்லா வாசனையும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். மாலையில் பட்டறையைப் பூட்டி, நகக்கண் வரை தேய்த்துக் கழுவி, வீட்டுக்கு வந்து கிளாஸில் கொஞ்சம் சிவப்பு ஒயின் ஊற்றி முகத்தருகே கொண்டுபோகும்போதுதான் மூக்கு அவரிடம் திரும்பி வரும்.

உடனே குடிக்க மாட்டார். கிளாஸை மேசையிலேயே வைத்து வட்டமாகச் சுழற்றுவார். மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். மிளகு, ஈர மண், நாவல்பழம் என்று முணுமுணுப்பார்.

"மளிகைச் சாமான் சொல்லி முடிச்சாச்சுன்னா சாப்பிட வாங்க" என்பாள் மனைவி. ஆனால் அவளும் வந்து ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் போவாள்.

இந்தப் பைத்தியத்தை அவருக்குப் பிடிக்க வைத்தவர் சகலை. மனைவியின் அக்காள் புருஷன். திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். பேச ஆரம்பித்தால் கடைக்கு வந்தவர்கள் ஜன்னல் இல்லாத சுவருக்கும் திரை வாங்கிக்கொண்டு போவார்கள். மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஒயின் ருசிப்பது என்று ஆரம்பித்தவரும் அவர்தான். இரண்டு சகலைகளும் மனைவிமாரும், டிரைவிங் ஸ்கூல்காரர், தபால் ஆபீஸ் அம்மா. அவ்வளவுதான் கூட்டம். பாட்டிலின் லேபிள் தெரியாமலிருக்க அதற்குக் கால்பந்து ஆடுகிறவர்களின் நீள சாக்ஸை மாட்டிவிடுவார்கள். குடித்து, பேசி, சண்டை போட்ட பிறகுதான் உருவுவார்கள். ஒரே ஒரு சட்டம். பாட்டில் கொண்டுவந்தவர் முதலில் தனக்கு ஊற்றி, மோந்து, ஒரு வாய் குடித்து, "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அதுவரை மற்றவர்கள் கிளாஸைத் தொடக்கூடாது.

சட்டத்துக்குக் காரணம் தக்கை. சில பாட்டில்களில் தக்கை கெட்டிருக்கும். அது ஒயினையும் கெடுத்துவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. பழத்தின் வாசனை போய், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். அவ்வளவுதான்.

போன வருஷம் சகலை வீட்டில் அது நடந்தது. "இந்த ஒயினைக் கண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் கண்டுபிடிப்பேன், அப்படிப்பட்ட சரக்கு" என்ற முன்னுரையோடு சகலை ஊற்றினார். நல்லா இருக்கு என்றார். பல்செட்காரர் மோந்தார். மறுபடி மோந்தார்.

"சகலை, இது கெட்டுப்போயிருக்கு. அட்டைப்பெட்டி வாசனை."

சகலை கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். திரைத் துணியை விரித்துக் காட்டுவதற்கு முன் பார்க்கும் பார்வை.

"நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள போற சாமானைத் தடவிட்டு வந்து என் ஒயின் மேல பழி போடாதய்யா!"

வீடே சிரித்தது. டிரைவிங் ஸ்கூல்காரருக்குப் புரையேறியது. பல்செட்காரரின் மனைவியும் சிரித்தாள்; கையால் வாயை மூடிக்கொண்டு, ஆனால் சிரித்தாள். பல்செட்காரர் அந்தக் கிளாஸைக் குடித்து முடித்தார். வேறென்ன செய்வது.

அன்றிலிருந்து அவர் பெயர் அட்டைப்பெட்டி. "அட்டைப்பெட்டி வந்தாச்சா? ஆரம்பிக்கலாமா?" சகலையின் மகள் போனில், "அட்டைப்பெட்டி சித்தப்பா, அம்மா பேசறாங்க" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டர் இறுகும் முன் அச்சைப் பிரித்தால் பல் கோணிவிடும் என்று தெரிந்த மனிதர். காத்திருந்தார்.

கடையில் ஒயின் தேர்ந்தெடுக்கும்போதும் இப்போது அவருக்குச் சகலையின் முகம்தான் தெரிந்தது. எந்த ஒயினை ஊற்றினால் அந்த முகம் தொங்கும் என்று பார்த்துப் பார்த்து வாங்கினார். நாவல்பழமும் மிளகும் அவருக்கு மறந்தே போயின.

அவர் வீட்டு முறை வருவதற்கு இரண்டு நாள் முன்பு, சகலையின் அந்த ஒயினையே வாங்கி வந்து, எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திறந்தார். மோந்தார். ஈர அட்டை. அசலான, சந்தேகமே இல்லாத ஈர அட்டை.

மனைவியும் மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சீ. கடையில குடுத்தா மாத்திக் குடுப்பாங்க."

"மாத்த வேண்டாம்."

"ஏங்க?"

அவர் தக்கையை அழுத்தி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார். சகலை குடிப்பார், ஆகா ஓகோ என்பார், சாக்ஸை உருவ வேண்டியது. உங்க ஒயின்தான் சகலை, அதுவும் கெட்டுப்போனது. அந்த வாக்கியத்தை இரண்டு நாளும் மெழுகில் பல் பதிப்பதுபோல் முன்னும் பின்னும் தள்ளிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். சாக்ஸ் போட்ட பாட்டிலைக் கையில் எடுத்த பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்தது. முதல் வாய் அவருடையது. அவர் சொல்ல வேண்டும். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊற்றினார். மோந்தார். குடித்தார்.

"நல்லா இருக்கு."

தபால் ஆபீஸ் அம்மா குடித்துவிட்டு, "கொஞ்சம் மந்தமா இருக்கு, இல்ல?" என்றார். டிரைவிங் ஸ்கூல்காரர், "வயசான ஒயின் அப்படித்தான் இருக்கும்" என்று தெரிந்த மாதிரி சொன்னார். அவர்கள் இருவரும் அதைப் பற்றி வாதாட ஆரம்பித்தார்கள்.

சகலை கிளாஸுக்குள் மூக்கை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். பிறகு பல்செட்காரர் பக்கம் சாய்ந்து, கடையில் ஒருநாளும் உபயோகித்திராத சின்னக் குரலில் சொன்னார்.

"சகலை, தப்பா எடுத்துக்காதே. எனக்கு அட்டைப்பெட்டி வாசனை வருது."

பல்செட்காரர் பாட்டிலின் சாக்ஸை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார்.

"அன்னைக்கும் இதே வாசனைதான். நீங்க எல்லாரும் போனப்புறம் மறுபடி மோந்து பார்த்தேன். மிச்சத்தை சிங்க்ல கொட்டிட்டேன். உங்கிட்ட சொல்லணும்னு பார்ப்பேன்... வாய் வராது. இது அதே மாதிரி இருக்குப்பா. நீயே சொல்லு. உன் மூக்குதானே மூக்கு."

ஒரு வருஷமாகக் காத்திருந்தது இதுதான். தட்டில் வைத்து நீட்டியாகிவிட்டது. ஆமாம் சகலை, கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னால் இருவருமாகச் சேர்ந்து சிரித்திருக்கலாம். ஆனால் சகலை அதைச் சின்னக் குரலில் சொன்னதுதான் பல்செட்காரருக்கு உறுத்தியது. அன்றைக்குச் சிரித்தது வீடு முழுக்கக் கேட்டது. இது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்கவில்லை.

கிளாஸைத் தூக்கி, நிதானமாக இன்னொரு வாய் குடித்து, நாக்கில் புரட்டி, விழுங்கினார்.

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "சகலை, திரைத் துணி வந்த அட்டைப்பெட்டியெல்லாம் பிரிச்சிட்டு நேரா இங்க வந்துட்டீங்களா? மூக்கைக் கழுவிட்டு வாங்க!"

வீடே சிரித்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் தொடையில் தட்டினார். சகலையும் சிரித்தார். சிரித்தபடி கிளாஸுக்குள் பார்த்தார்.

"இல்லய்யா, நிஜமாவே..."

"நல்லா மோந்து பாருங்க."

சகலை மோந்தார். தன் மனைவியைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்தார். கடைசியில் பல்செட்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "இப்ப சரியாத்தான் இருக்கு."

பல்செட்காரர் சாக்ஸை உருவினார். "கண்ணைக் கட்டினாலும் தெரியும்னீங்களே சகலை."

லேபிளைப் பார்த்த சகலை மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்தார். அதற்குப் பிறகு திறந்த ஒயின் எதற்கும் அவர் அபிப்பிராயம் சொல்லவில்லை. யாராவது கேட்டால் பல்செட்காரரைக் காட்டி, "இவன் சொல்லட்டும்" என்றார். கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, "இனிமே பாட்டில் வாங்கப் போறப்ப நீயும் கூட வாயேன்" என்றார்.

"அதுக்கென்ன, வரேன்."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். மனைவி கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் காலி. அவளுடையது மட்டும் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் அந்தக் கிளாஸை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. குடிங்க."

அவர் உட்கார்ந்தார். சுழற்றவில்லை, மோந்து பார்க்கவில்லை. வாய் நிறைய ஈர அட்டை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.