கட்சி மாறிப் பேசிய கைலாசம்

கைலாசம் என் நண்பன்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அவன் மேடையில் பேசும்போது எனக்கு வயிறெரியாத நாள் கிடையாது. பேட்டையில் மின்வாரிய ஆபீஸ் குமாஸ்தா. பகலெல்லாம் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டு வாயே திறக்க மாட்டான். மைக் முன்னால் நிறுத்திவிட்டால் கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் போய்விடும். டவுண் ரத வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் இந்த அசன் மைதீனும் பட்டிமன்றப் பேச்சாளன்தான். எனக்குக் கை தட்டுவார்கள், அவனுக்கு விசில் அடிப்பார்கள். இப்போது அவன் மேடை ஏறுவதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டிமன்றத்தில் பேசுகிறவனுக்குச் சொந்தக் கருத்து ஆகாது. நடுவர் எந்தக் கட்சியைக் கொடுக்கிறாரோ அதைப் பேச வேண்டும். போன வாரம் மாமியாருக்காகக் கண்ணீர் விட்டவன் இந்த வாரம் மருமகளுக்காக விடுவான். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறார்கள்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் பொக்ரானில் குண்டு வெடித்துப் பார்த்தார்கள். அந்த மாதமே பாகிஸ்தானும் வெடித்தது. ஆனித் தேரோட்டத்துக்கு எங்கள் தெரு வியாபாரிகள் வைத்த பட்டிமன்றத்துக்கு அதுவே தலைப்பாகிவிட்டது: ‘அணுகுண்டு நாட்டுக்குப் பாதுகாப்பா, ஆபத்தா?’ கைலாசமும் நானும் ஆபத்துக் கட்சி. பேப்பரில் வந்த வார்த்தைகள் எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. முந்தின நாள் கைலாசம் கடைக்கு வந்து, துணிக்கட்டின் மேல் சட்டமாக உட்கார்ந்து விளக்கினான்.

“இதுல என்னவே இருக்கு. பக்கத்துப் பக்கத்து வீடு. ரெண்டு அடுக்களையிலயும் கேஸ் சிலிண்டர் தெறந்து கெடக்கு. எவனாவது தீக்குச்சி கிழிப்பானா? கிழிச்சா அவனும் சேந்துல்லா எரிவான். அந்தப் பயத்துக்குத்தான் தடுப்பாற்றல்னு பேரு. நான் மொதல்ல கிழிக்க மாட்டேன்னு ஊரறியச் சொல்லுதது, முதலில் பயன்படுத்தாக் கொள்கை. பரவல் தடை ஒப்பந்தம்னா, ஏற்கெனவே சிலிண்டர் வச்சிருக்கவன்லாம் கூடி, இனிமே தெருவுல வேற எவனும் வாங்கக் கூடாதுன்னு சொல்லுதது. சோதனைத் தடைன்னா, வீட்டுல வச்சிருந்தாலும் பத்த வச்சுப் பாக்கக் கூடாது.”

“அப்போ நல்லதுதானவே? சண்டையே வராதுல்லா?”

“அங்கனதான் இருக்கு சூது. எவனும் தீக்குச்சி கிழிக்க மாட்டான்னு தெரிஞ்சுட்டுன்னா, தைரியமா கல்லெடுத்து எறிவான். ஒரு கல்லுக்காக நாம வீட்டக் கொளுத்த மாட்டோம்னு அவனுக்குத் தெரியும்லா? பெரிய சண்டை நிக்கும்வே, சின்னச் சண்டை நிக்காது. அதுல சாவுதது யாரு? எங்க மகேஷ் மாதிரிப் பிள்ளேள்தான்.”

மகேஷ் அவன் தங்கை கோமுவின் ஒரே மகன். ராணுவத்தில் நாயக்காக இருந்தான். புருஷன் போன பிறகு சேரன்மகாதேவியில் தனியாளாக நின்று மகனையும் இரண்டு மகள்களையும் வளர்த்தவள் கோமு. தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் கல்யாணம் என்று மகேஷும் இருந்துவிட்டான். அந்த வருஷக் கடைசியோடு அவனுக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ் முடிகிறது, பென்ஷனோடு வீடு வந்து சேரலாம். இன்னும் இரண்டு வருஷம் எழுதிக் கொடுத்தால் ஹவில்தார் ஆகலாம் என்று அவனுக்கு ஆசை. கோமு ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். குண்டு வெடித்த செய்தி வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. அம்மா சரி சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று லீவில் வந்தவன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டிமன்றத்தன்று பாதுகாப்புக் கட்சியில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. தென்காசியிலிருந்து வரவேண்டியவர், வழியில் பஸ் மக்கர் செய்துவிட்டதாம். நடுவர் எங்கள் பக்கம் திரும்பி, “கைலாசம், நீங்க அந்தப் பக்கம் போயிருங்க” என்றார். கைலாசம் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு எழுந்து போனான்.

நான் அவன் சொல்லிக்கொடுத்த கல்லெறியைத்தான் பேசினேன். ஏதோ கொஞ்சம் கை தட்டினார்கள். அடுத்து அவன் எழுந்தான்.

“மைதீன் அண்ணாச்சி கல்லெறியிலயே நிக்காவ. கல்லு சன்னல்ல படும். சன்னல்ல பட்டா வீட்டுக்காரன் வெளிய வருவான். எங்க கொண்டுபோயி விடும்னு எறியுதவனுக்கே தெரியாதுல்லா? அந்தப் பயத்துல அவன் கல்லக்கூடத் தொட மாட்டான்! இனிமே எந்தத் தாயும், எல்லையில நிக்கிற மகன நெனச்சு மடியில நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டாம்!”

தான் பெற்ற கருத்தின் கழுத்தைத் தானே நெரித்தான் பாவி. பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்கவே இல்லை. முன்வரிசையில் கோமு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுவர், குண்டு பாதுகாப்பே என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் கைலாசமும் கோமுவும் மகேஷுக்கு வேட்டி எடுக்க அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். வேட்டியை விரித்துப் பார்த்துக்கொண்டே கோமு கேட்டாள்.

“ஏண்ணே, நேத்துச் சொன்னியே, இனிமே சண்டை வராதுன்னு. நெசமாவா? இல்ல, மேடைக்காகச் சொன்னியா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “தாயி, அது அவனுக்குக் குடுத்த கட்சி. முந்தின நாளு இங்கன உக்காந்துக்கிட்டு நேர்மாறால்லா சொன்னான்.”

கோமு சிரித்துவிட்டாள். “தோத்துப்போன கோவம் அண்ணாச்சிக்கு இன்னும் ஆறல.” மகேஷும் சிரித்தான். சிரித்துவிட்டு மாமன் முகத்தையே பார்த்தான்.

“நெசந்தான் கோமு” என்றான் கைலாசம். “இனி ரெண்டு பேரும் வாலச் சுருட்டிக்கிட்டுத்தான் கெடக்கணும். பய தைரியமா இருந்துட்டு வரட்டும்.”

அவர்கள் முன்னால் இறங்கிப் போனதும் நான் அவன் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். “என்னவே இது? பிள்ளை விஷயத்துல போயி வெளையாடுதீரு?”

“வெளையாடலவே. நேத்துப் பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்துட்டு. அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?” என்றான்.

மகேஷ் எழுதிக் கொடுத்தான். அடுத்த வருஷம் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அந்த ஆவணிக்கு முன்னால் கார்கில் சண்டை வந்தது. தீக்குச்சியை யாரும் கிழிக்கவில்லை. பெரிய சண்டை நின்றது, மலைமேல் சின்னச் சண்டை நடந்தது. கைலாசம் என் கடையில் சொன்னதுதான் நடந்தது, மேடையில் சொன்னது நடக்கவில்லை. ஆனி மாதத்தில் மகேஷைப் பெட்டியில் வைத்துச் சேரன்மகாதேவிக்குக் கொண்டுவந்தார்கள்.

தெரு கொள்ளாத கூட்டம். யாரோ மைக் கட்டியிருந்தார்கள். கட்சிக்காரர்கள் பேசினார்கள். “கைலாசம் ரெண்டு வார்த்தை பேசட்டும்” என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வாங்கினான், நின்றான், திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்கு அவன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

உள்ளே கோமு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட வந்த ஆபீசர் சொல்லிப் பார்த்தார், மகள்கள் கட்டிக்கொண்டு கதறினார்கள். “வேற யாரையோ மாத்திக் கொண்டாந்திருக்காவ” என்று அவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அன்னத்தாய் ஓடிவந்து கைலாசத்தின் கையைப் பிடித்தாள். “உள்ள இருக்கது மகேஷ்தான்னு நீங்க போயிச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா. இப்படியே இருந்தாள்னா இவளுக்கும் ஏதாவது ஆயிரும்.”

கைலாசம் போய்த் தங்கைக்கு எதிரே உட்கார்ந்தான். “கோமு” என்று வாயைத் திறந்தான். அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

“நீ சொல்லாதண்ணே. யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நீ சொன்னா நம்பிருவேன்.”

கைலாசம் அந்தக் கையைப் பையப் பிடித்து இறக்கிவிட்டுச் சொல்லத்தான் செய்தான். கோமு நம்பிவிட்டாள்.