தோளுக்கேற்ற துப்பாக்கி

எந்தக் கதவைப் பலமாக அடித்துச் சாத்தினாலும் ரெய்னோ கோத்திலா கண்களை இறுக மூடி, வலது தோளைக் காதுவரை தூக்கிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி இர்யா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அமெரிக்காவின் வட மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலைப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டுகிற ஆள் அவர். பனிப்புயலில் எதிரே மரலாரி வந்தாலும் அசர மாட்டார். ஆனால் நவம்பர் பிறந்து மான் வேட்டை நெருங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பயம் காட்டிடம் இல்லை, துப்பாக்கியிடம்.

அது 300 மேக்னம், பெரிய குண்டு போடுவது. மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுதைபோல உதைக்கும். ஒருமுறை அதன் மேலிருந்த குறிபார்க்கும் ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தைக் கிழித்திருக்கிறது. மாமனார் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது?

குறி தவறியவனின் சட்டை நுனியை வெட்டி, வேட்டைக்குத் தங்கும் காட்டுக் குடிசையின் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது அங்கே வழக்கம். சுவரில் பாதித் துணி ரெய்னோவுடையது. அதற்கெல்லாம் அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். போன வருடம்தான் சிரிக்க முடியவில்லை. குண்டு ஒரு பெண்மானின் வயிற்றில் பட்டு, அது சதுப்புக்குள் ஓடி மறைந்தது. மறுநாள் அண்டங்காக்கைகளின் கூச்சலைக் கேட்டுப் போனபோது, அது இன்னும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த வருடமும் அப்படி ஆகிவிட்டால்?

"குண்டு பத்தல மச்சான்," என்றான் இர்யாவின் தம்பி தவுனோ. "இதவிடப் பெரிய 338 வாங்குங்க. எங்க பட்டாலும் சாஞ்சிரும்."

அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான். குறி தவறத் தவற இன்னும் பெரிய துப்பாக்கி வாங்குவார்கள்.

வேட்டைக்கு முந்தின சனிக்கிழமை மூவரும் குறி பார்க்கச் சரளைக் குவாரிக்குப் போனார்கள். "நான் தோட்டா போட்டுத் தர்றேன், நீங்க சுடுங்க," என்றாள் இர்யா. இரண்டு முறை குவாரி அதிர்ந்தது. மூன்றாம் முறை தோட்டா போடாமலே கொடுத்தாள். ரெய்னோ விசையை இழுத்தார். 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஆனால் துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே இறங்கியது. தோள் காதைத் தொட்டது. கண்கள் இறுக மூடியிருந்தன.

தவுனோ சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். "மச்சான்... இத்தன வருசமா கண்ண மூடிக்கிட்டா சுட்டீங்க?"

"இவருக்கு 338 வேணுமாம்!" என்றாள் இர்யா. "ஏண்டா, பீரங்கியே வாங்கிக் கொடேன்."

சின்னக் குண்டு போடும் தன் 243-ஐ எடுத்துக் கணவர் கையில் வைத்தாள். அவளிடம் இருந்த ஒரே துப்பாக்கி அது.

"அது பொம்பளைங்க துப்பாக்கி, அக்கா," என்றான் தவுனோ.

"அந்தப் பொம்பளத் துப்பாக்கிதான்டா வருசா வருசம் உன் ஃப்ரீசர ரொப்புது. வாய மூடு."

ரெய்னோ சுட்டார். யாரோ தோளில் கை வைத்துத் தள்ளியதுபோல இருந்தது, அவ்வளவுதான். பயம் மட்டும் இடம் மாறிக்கொண்டது. "இத்துனூண்டு குண்டு, இர்யா. மறுபடி அது ஓடிருச்சுன்னா?"

"கிட்ட வரணும், பக்கவாட்டுல நிக்கணும். முன்னங்காலுக்குப் பின்னாடி பாத்து அடிங்க. இல்லன்னா விசையில விரலே வைக்காதீங்க. நீங்க இத எடுத்துட்டுப் போங்க, நான் குடிசையில அடுப்பப் பாத்துக்கறேன். இந்த ஒரு வருசந்தானே."

வேட்டையின் முதல் நாள் காலை, மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்த ரெய்னோவுக்கு நேரெதிரே ஒரு கலைமான் வந்து நின்றது. மேக்னமாக இருந்தால் அப்போதே சுட்டிருப்பார். காத்திருந்தார். அது திரும்பியது. சுட்டார். சுடும் கணத்தில் மானை அவர் பார்த்தது அன்றுதான் முதல்முறை: முன்னங்காலுக்குப் பின்னால் ரோமம் சிலிர்த்தது. மறுகணம் மான் ஒன்றுமே ஆகாததுபோலத் துள்ளி ஓடிவிட்டது.

இறங்கத் தைரியம் வரவில்லை. அண்டங்காக்கைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கீழே வந்து பார்த்தால் பனியில் ஒரு சொட்டு ரத்தமில்லை. சற்றுத் தள்ளி இளஞ்சிவப்பு நுரை தெரிந்தது, நுரையீரல் ரத்தம்; குறி தப்பவில்லை. விழுந்து கிடந்த மரத்துக்கு அப்பால் மான் கிடந்தது. குச்சியால் அதன் கண்ணைத் தொட்டார். அது இமைக்கவில்லை. அதன் பக்கத்திலேயே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ நவம்பர்கள். இன்னொரு 243 வாங்கலாம் என்று கடைக்குப் போனார். புதியதைத் தோளில் வைத்ததும் தோள் தானாக மேலே ஏறியது. வைத்துவிட்டு வந்தார். இர்யாவின் துப்பாக்கி மட்டும்தான் அவரைப் பயமுறுத்தவில்லை.

குடிசையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த இர்யா ஒரே ஒருமுறை கேட்டாள். "இன்னிக்கு ஒருநாள் எனக்குத் தர்றீங்களா?"

"நாளைக்கு," என்றார் ரெய்னோ, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டே.

இன்னும் தரவில்லை.