அண்ணனின் இரத்த அறிக்கை

என் அண்ணன் ஷாபு என்ற போதைப்பொருளை எடுக்கிறான் என்பது அம்மாவுக்கும் எனக்கும் மூன்று வருடமாகத் தெரியும். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அது ஒன்றுதான் நல்லது என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

கிள்ளானை அடுத்த மேருவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் எங்கள் வரிசை வீடு. அண்ணன் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஜொகூருக்கு லோரி ஓட்டினான். தூங்காமல் ஓட்டுவதற்காகத்தான் தொடங்கினான். பிறகு ஓட்டாத நாட்களிலும் தூங்கவில்லை.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பார்த்ததைக் குறித்து வைப்பது என் பழக்கம். கைப்பேசியில் அவனுக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. குளியலறையில் நறுக்கிய ஸ்ட்ரா. மூன்று நாள் விழிப்பு, இரண்டு நாள் பிணம் மாதிரித் தூக்கம். வெறும் வாயை மென்றுகொண்டே இருக்கிறான். யாரோ பார்க்கிறார்கள் என்று வாசல் கேமராவைப் பிடுங்கி எறிந்தான். நாற்பது வரிகள் தாண்டிய பிறகும் அதை நான் யாரிடமும் காட்டவில்லை. எழுதியதாலேயே ஏதோ செய்துவிட்டதாக ஒரு நினைப்பு.

ஒரே ஒரு முறை அம்மாவிடம் சொன்னேன். "சிகிச்சை மையத்துல சேர்த்துடலாம்மா."

"ஊருக்கே மைக் வச்சுச் சொல்லு. நாளைக்கு உன்னை யாரு கட்டுவா? அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும். பொண்டாட்டி வந்தா தன்னால அடங்குவான்."

எங்கள் குடியிருப்பில் பையன்களுக்கு எழுதித் தரப்படும் மருந்து இதுதான். குடித்தாலும் கல்யாணம், அடிதடி என்றாலும் கல்யாணம். அந்த மருந்துக்கும் இரண்டு கை, இரண்டு கால், ஒரு வேலை இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

கம்போங் மேடானில் ஒரு பெண் அமைந்தாள். பாலர்பள்ளி ஆசிரியை, என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுடைய அப்பா கவனமான மனிதர். பேச்சு முடியும் நேரத்தில், தயங்கித்தான் கேட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரு மெடிக்கல் செக்கப் பண்ணிடலாமே? தப்பா எடுத்துக்காதீங்க."

அம்மா என்னைக் கை காட்டினார். "அதுக்கு எதுக்கு சம்பந்தி வெளிய போகணும்? இவளே லேப்லதான் இருக்கா. இவளே பார்த்துடுவா."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்புறம் என்ன லா! நம்ம வீட்டுப் பிள்ளை கையெழுத்துப் போட்டா கவர்மெண்ட் சாப்பு குத்தின மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

எங்கள் படிவத்தில் இரத்த வகை, சர்க்கரை, தலசீமியா, எச்.ஐ.வி. என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டம், சிறுநீரில் போதைப்பொருள். அவர் 'மெடிக்கல் செக்கப்' என்று மட்டும்தான் கேட்டிருந்தார்.

அண்ணன் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். நரம்பு கிடைக்க நேரமானது. படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தான்.

"இதையும் போடுவியா?"

"அவங்க கேட்கல."

"போட்டா போடு லா. எனக்கு ஒண்ணும் இல்ல."

"தேவையில்லண்ணா."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"கைய ஆட்டாத."

அன்று அவன் கேட்டதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். தானாகச் சொல்ல வாய் வராமல், யாராவது பிடித்துக் கொடுக்கட்டும் என்றுதான் அவன் வந்திருந்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் அவனைக் காப்பாற்றி அனுப்பினேன்.

அறிக்கையில் பொய் ஒரு வரி இல்லை. எல்லாம் இயல்பு. கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணம் முடிந்து ஏழு மாதம் ஓடியது. ஒரு ஞாயிறு காலை, அம்மா கோயிலுக்கும் நான் வேலைக்கும் போயிருந்தபோது, போலீசுக்குத் தகவல் சொல்வது நீதான் என்று அண்ணியை அறைக்குள் வைத்துப் பூட்டினான். அவள் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு ஆன்டியைக் கூப்பிட்டாள். நான் வந்து சேர்ந்தபோது அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணியின் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி என் பையன் தங்கம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க பொண்ணு வந்த நேரம்தான் இப்படி."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீதானே டெஸ்ட் எடுத்த?"

"முன்னாடியே தெரியும் அங்கிள். மூணு வருஷமா. அந்த டெஸ்டை மட்டும் நான் எடுக்கல."

அவர் திட்டியிருக்கலாம். மகளின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது அண்ணிதான் பேசினாள்.

"அவரை எனக்கு அவ்வளவா தெரியாது. உங்களை நம்பித்தான் சரின்னு சொன்னேன்."

அவளை நான் அதன் பிறகு பார்க்கவில்லை. விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது.

அண்ணனிடம் இப்போது வாரம் ஒருமுறை கேட்கிறேன், மையத்துக்குப் போகலாமா என்று. "இப்பத்தான் கேட்கிறியா?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். மறுபடியும் கேட்கிறேன்.

அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னார். "அண்ணனுக்கு ஈப்போ பக்கம் ஒரு இடம் இருக்காம். கேஸ் முடியட்டும். பாவப்பட்ட குடும்பம், ரொம்பக் கேள்வி கேட்க மாட்டாங்களாம். நீ மட்டும் வாயத் தொறக்காம இருந்தா போதும்."

அந்தக் குடும்பம் யார் என்று எனக்குச் சொல்ல மறுக்கிறார். அவர் குளிக்கப் போகும் நேரங்களில் அவருடைய கைப்பேசியில் அவர்கள் எண்ணைத் தேடுகிறேன். இன்னும் கிடைக்கவில்லை.