ஆடு போன தடம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். வெள்ளிமலைக்கு மேலே எங்கள் ஊர். பேத்தி செல்வி சொல்லிக்கொடுத்த எழுத்தைக் கூட்டி நானே எழுதுகிறேன்.

போன வருடம் மலையேற வந்த ஒருவர், போனும் கையுமாக என் ஆடுகளுக்குப் பின்னால் பாறை விளிம்பு வரை நடந்தார். "ஆயா, உங்க தடத்த மேப்புல ஏத்திட்டேங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்த்திகைப் பனிமூட்டத்தில் ஒரு பெண் அருவி பார்க்கத் தனியாக வந்து, அந்தத் தடத்தில் திரும்பினாள். "அது ஆடு மேயுற தடம் கண்ணு, அருவிக்குப் போவாது" என்றேன். "போன்ல வழி காட்டுதே ஆயா" என்று சிரித்துவிட்டுப் போனாள். மறுநாள் பாறைக்குக் கீழேயிருந்து தூளி கட்டித் தூக்கிவந்தோம். உயிர் இல்லை.

இப்போது தினமும் அங்கே முள் வெட்டிப் போடுகிறேன். போனில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறதாம். அது என் தடம். அதை எப்படி அழிப்பது?

"செல்வி, அது என் தடம்னு சரியா எழுதிக்கீறனா? படிச்சிக் காட்டுடி."